டக்கு அக்காவின் அளவுக் கட்டை

ஒன்றன்மேல் ஒன்று பொருத்தும் விளையாட்டுக் கட்டை செய்யும் தொழிற்சாலையில் என் அக்காவுக்கு முப்பத்தொரு வருஷம். புதிதாக வரும் ஒவ்வொரு மாதிரிக் கட்டையையும் தன் மேஜையிலிருக்கும் சிவப்பு அளவுக் கட்டைமேல் வைத்து அழுத்துவாள். 'டக்' என்று பிடித்தால் பாஸ். அதனால் எல்லோருக்கும் அவள் டக்கு அக்கா. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பவள். கூடப் பிறந்த எனக்குத் தெரியாதா?

அவள் சேர்ந்தபோது கட்டைக்கு அடியில் வெறும் பள்ளம்தான். ஆறு வரிசை அடுக்கினால் சுவர் சரிந்துவிடும். அப்புறம் உள்ளே குழாய் வைத்தார்கள், பிடி இறுகியது. ஜன்னல் வந்தது, சக்கரம் வந்தது, சரிவான கூரைக் கட்டையும் வந்தது. எது வந்தாலும் பழசோடு சேர வேண்டும். அதற்கு அக்காதான் காவல்.

போன வருஷம் சுவர் மெலிந்த கட்டை வந்தது. அதை வார்க்கும் அச்சை வெட்டியவர் அதிகம் பேசாத மனுஷர். இரண்டு பெண் பிள்ளைகளைத் தனியாக வளர்ப்பவர். மூன்று தடவை திருத்திக் கொண்டுவந்தார். மூன்று தடவையும், "பிடிக்கலண்ணே, லொடலொடங்குது" என்று அக்கா திருப்பினாள். இனியும் இப்படியென்றால் வேறு ஆள் பார்க்கிறேன் என்று மேலாளர் அவரிடம் சொல்லிவிட்டார்.

அக்காவுக்கு மனசு கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை, முதல் தடவை திருப்பிய இருபது கட்டைகளோடு என் வீட்டுக்கு வந்தாள். பரணில் இருந்த என் மகனின் பழைய கட்டைகளில் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தாள். இருபதும் உடும்புப் பிடியாகப் பிடித்தன.

அவள் முகம் வெளுத்துவிட்டது. "ஏன்டி, இத்தனை வருஷமா அந்த ஒரே கட்டையில அழுத்துறேனே, அது தேஞ்சிருக்காதா?"

ஊரையே அளந்தவள் தன் கட்டையை அளக்கவில்லை. எனக்குச் சிரிப்பும் வந்தது, அவளைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது. "பேசாம பாஸ் போட்டுடு. யாருக்குத் தெரியப்போகுது?" என்றேன்.

"என் பேரு தப்பிச்சுடும். அவரு கை சரியில்லன்னு பேசினாங்களே, அதுக்கு யாரு பதில் சொல்றது?"

திங்கட்கிழமை எல்லோர் முன்னாலும் மேலாளரிடம் தப்பு தன்னுடையது என்றாள். அளக்கும் வேலை போயிற்று. பெட்டி கட்டும் பகுதிக்கு அனுப்பினார்கள். அங்கே அச்சுக்காரர் அவளைத் தேடி வந்தார்.

"மன்னிச்சிடுங்கண்ணே" என்றாள், தலை நிமிராமல்.

"வேலை போயிடுமேன்னு கூட பயப்படலம்மா" என்றார் அவர். "மூணாவது தடவை நானே நம்பிட்டேன், என் கை போச்சுன்னு."