தனமாயா தீதியும் சர்க்கார் தகரமும்

கன்னத்தில் ஒரு சுர்பித் துண்டை அடக்கிக்கொண்டுதான் தனமாயா ராய் காலையில் முற்றத்துக்கு வருவார். கல்லாய் இறுகிய பால்கட்டி அது, லேசில் கரையாது. கரையும்வரை அவர் பேசமாட்டார், கேட்பார். மகளுக்கு இடமாற்றம், ஆஸ்பத்திரியில் படுக்கை, வீட்டுக்குக் குழாய் என்று ஆட்கள் சொல்லச் சொல்லத் தலை மட்டும் ஆடும். கடைசியில் ஒரே பேச்சு: “கட்சி பாத்துக்கும், போ.”

நாம்ச்சி டவுனுக்கு மேலே, மலைச்சரிவில் இருக்கும் எங்கள் வார்டில் கட்சி என்றால் ஒன்றுதான். என் மகன் பிறப்பதற்கு முன்பே ஆட்சிக்கு வந்தது. இந்த முறை அவனும் ஓட்டுப் போட்டான். தீதி என்று நாங்கள் கூப்பிடும் தனமாயா அக்காதான் அதன் மகளிர் அணித் தலைவி. சாலை, பள்ளிக்கூடம், ரேஷன் எல்லாமே அவர் வாயில் “கட்சி குடுத்தது”.

“மழையுமா தீதி?” என்று கேட்டால், “நீ ஒழுங்கா ஓட்டுப் போடு, வெயிலும் வரும்” என்பார்.

எதிர்க்கட்சிக் கொடி பறந்தது ஒரே வீட்டில்தான். ஏலக்காய்த் தோட்டத்தில் வேலை செய்யும் பூர்பா லெப்சாவின் வீடு. பிரசாரத்துக்குப் போகும்போதெல்லாம் தீதி அங்கே நின்று சீண்டுவார்.

“உன் கொடி சாயம் போகுது பாருடா.”

“எங்களுக்குக் கொடிதான் போகுது தீதி. உங்க பக்கம் ஆளே சாயம் போறாங்க.”

தீதி சிரித்துக்கொண்டே அடுத்த வீட்டுக்கு ஏறுவார்.

வாக்குப்பதிவு முடிந்த மறுவாரம் ஆலங்கட்டி மழை. பாதிக் கூரைகள் சல்லடையாயின. கட்சி வழக்கம்போல ஜெயித்தது. பிறகு லாரியில் தகரம் வந்தது. முன்னால் ஜீப்பில் கட்சியின் வட்டாரப் பொறுப்பாளர் ரூபன் தமாங். பூர்பா வீட்டில் லாரி நிற்கவில்லை.

தீதி ஓடிப்போய் ஜீப்பை மறித்தார். “ஆலங்கட்டி கட்சி பாத்தா விழுந்துச்சு?”

“அவனுக்கும் குடுத்துட்டா, நமக்கு ஓட்டுப் போட்டவன் எதுக்குத்தான் போட்டான், தீதி? நீங்களே சொல்லுங்க.”

தீதி லாரியைத் திரும்பிப் பார்த்தார். நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றோம். யாரும் வாய் திறக்கவில்லை, நானும்தான்.

“சரி, என் வீட்டுத் தகரத்த இங்க இறக்கு” என்றார் தீதி.

“வேணாம் தீதி, நல்லதில்ல” என்றார் ரூபன்.

“என் தகரம். இறக்கு.”

பூர்பா வாசலிலேயே முரண்டு பிடித்தான். “உங்க கட்சித் தகரம் என் தலைக்கு மேல வேணாம்.”

“கட்சித் தகரம் இல்லடா, இது சர்க்கார் தகரம்!” என்று கத்தினார் தீதி. சொல்லிவிட்டு அவரே ஒரு கணம் திகைத்துப்போனார்.

அந்த வாரமே மகளிர் அணிக்கு வேறு தலைவி வந்தாயிற்று. காலையில் ஆட்கள் அந்த அம்மா வீட்டுக்குப் போகிறார்கள். தன் அடுப்படிக் கூரையின் ஓட்டைமேல் தீதி ஒரு பிரசாரப் பதாகையை விரித்துக் கட்டியிருக்கிறார். வேட்பாளரின் சிரித்த முகம் மழையைத் தாங்குகிறது. “இப்பவாவது உபயோகப்படட்டும்” என்கிறார். ஆனால் கட்சியைப் பற்றி வேறு யாராவது ஒரு வார்த்தை குறை சொன்னால் அடிக்கவே வந்துவிடுவார்.

நேற்று அந்த வேட்பாளர் மந்திரியாகி ஊருக்குள் வந்தார். மேளம், வெடி, மாலை. பூர்பா கூரைமேல் ஆணி அடித்துக்கொண்டிருந்தான். கீழே தீதி ஏணியைப் பிடித்திருந்தார். ரூபனின் ஜீப் அவரைப் பார்க்காமல் கடந்தது. தீதி வலக்கையை முஷ்டியாக உயர்த்தி, அடித்தொண்டையிலிருந்து “வாழ்க!” என்று கத்தினார். ஊர்வலத்தில் அத்தனை குரல் யாருக்கும் இல்லை. இடக்கை மட்டும் ஏணியை விடவில்லை.