பூச்சிச் சத்தத்துக்கு நான் கண்ட வைத்தியம்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் மரம் சீவுகிறவன் நான். வெயில் காலத்தில் இருட்டிவிட்டால் சில்வண்டுகள் நாங்கள் குடியிருக்கும் லயத்து வீடுகளைச் சுற்றி நின்று கத்தும். தூக்கமே வராது.

புத்திசாலியான நான் ஒருநாள் சாயங்காலம் லயத்துக்குப் பின்னால் இருந்த ரப்பர் மரத்தைக் கீறி, வடிந்த பாலில் இலவம்பஞ்சை நனைத்து இரு காதுகளையும் அடைத்துக்கொண்டேன். அருமையான தூக்கம். விடிந்தபோது பால் உறைந்து, பஞ்சு காதோடு ஒட்டிப்போயிருந்தது. சம்சாரத்தின் வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. ஆயுசுக்கும் செவிடுதானோ என்று சம்சாரத்தையும் இழுத்துக்கொண்டு தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

அங்கே வைத்தியம் பார்க்கும் டிரசர் எண்ணெய் விட்டு ஊறவைத்து, சாமணத்தால் வலது காதில் இருந்ததை இழுத்தெடுத்தார். முதலில் கேட்டது அவர் குரல்தான்.

"மரத்துல பால் எடுக்கிறவன பாத்திருக்கேன். காதுல எடுக்கிறது இதான்லா மொத தடவ."

இடது காதில் இருந்தது அசையவில்லை. அவர் சிரிப்பு நின்றது.

"ஆடாத. சவ்வு கிழிஞ்சா என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

சம்சாரம் என் தலையை இறுகப் பிடித்துக்கொண்டாள். கடைசியில் காதுமுடியோடு அது பிய்ந்து வந்தது.

"இந்தக் காது கேக்குதாங்க?" என்றாள்.

"கேக்குது."

"காலையிலேருந்து நான் திட்டுனதெல்லாம் வீணாப் போச்சு. மறுபடி மொதல்லேருந்து கேளுங்க."

இப்போதெல்லாம் காதுக்குள் விரலைக்கூட விடுவதில்லை. சில்வண்டுகள் தொடங்கியதும் இரண்டு காதிலும் ஒரே அளவாகக் கேட்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கண்ணை மூடுகிறேன்.