கண்மாய் நிரம்பிய வார்டு

அம்மா வழுக்கி விழுந்தது ஒரு காலை வேளையில், வில்லாபுரத்தில் எங்கள் வீட்டுக் குளியலறை வாசலில். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்து, மறுநாளோ அதற்கடுத்த நாளோ ஆபரேஷன் செய்தார்கள். அந்த நாட்களின் வரிசை இப்போது எனக்கே சரியாகத் தெரியவில்லை. நினைவில் நிற்பது வெளிச்சம்தான். எலும்பு வார்டின் உயரமான ஜன்னல்கள் வழியே இறங்கி, படுக்கை படுக்கையாக மெல்ல நகர்ந்து போகும் வெளிச்சம்.

ஆபரேஷனுக்கு முன்பே ஒரு பெண் எங்களிடம் வந்தாள். முப்பது வயதிருக்கும். தோளில் துணிப்பை, கழுத்தில் அடையாள அட்டை. வயதானவர்களில் சிலருக்கு எலும்பு ஆபரேஷன் முடிந்ததும் மனம் குழம்பிப்போகும், இடம் தெரியாது, ஆள் தெரியாது, இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும் என்றாள். அதை மருந்தில்லாமல் குறைக்க முடியுமா என்று அரசு உதவியில் ஓர் ஆராய்ச்சி நடக்கிறதாம். அம்மாவைச் சேர்த்துக்கொள்ளலாமா என்று கேட்டாள்.

அப்பா மின்வாரிய அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எதையும் ரெண்டு தடவை விசாரிக்காமல் விடமாட்டார்.

"புதுசா ஊசி கீசி போடுவீங்களாம்மா?"

"இல்லய்யா. பக்கத்துல ஒரு ஆள் இருந்து பேச்சுக் குடுக்கணும். பகல்ல எந்திரிச்சு உக்கார வைக்கணும். கண்ணாடிய மறக்காமப் போட்டுவிடணும். இது எந்த எடம், என்ன கிழமைன்னு அப்பப்பச் சொல்லிக்கிட்டே இருக்கணும். அம்புட்டுத்தான்."

"பேசுறதுக்கா கவர்மெண்டு காசு குடுக்குது?"

அவள் சிரித்துவிட்டாள். "பேசுனா சரியாகுதான்னு பாக்குறதுக்குக் குடுக்குதுய்யா."

அப்பா யோசித்துக்கொண்டிருக்கும்போதே, வலியில் கண்ணை மூடிக் கிடந்த அம்மா, "சேத்துக்கம்மா" என்று முடித்துவிட்டாள்.

ஆபரேஷன் முடிந்து வார்டுக்கு வந்த பிறகு, ஒரு மாலையில் அம்மா தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன்.

"தண்ணி ஏறி வருது பாரு. செருப்ப எடுத்து மேல வையி" என்றாள்.

"எந்தத் தண்ணிம்மா?"

"கண்மாய்த் தண்ணிதான். வேற எந்தத் தண்ணி?"

அம்மா பிறந்தது சமயநல்லூர்ப் பக்கம், ஒரு விவசாயக் குடும்பத்தில். அந்த ஊர்க் கண்மாயைப் பற்றி அவள் பேசி நான் கேட்டதே இல்லை. இப்போது அது வார்டுக்குள் வந்துகொண்டிருந்தது. கட்டில் கால்கள் முங்கின. பிறகு கட்டில்கள் ஒவ்வொன்றாக மிதந்தன. அம்மா படுக்கை விளிம்பில் கையைத் தொங்கவிட்டு விரல்களால் அளைந்தாள். குளுக்கோஸ் பாட்டில் மாட்டியிருந்த கம்பியில் நாரை வந்து உட்கார்ந்திருக்கிறது, விரட்டாதே என்றாள். அவள் முகத்தை நான் அப்படிப் பார்த்ததில்லை. எதற்கும் அவசரமில்லாத முகம்.

எனக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் சொல்லியே ஆகவேண்டும்: துடைத்துவிட்டுப் போன ஈரத்தரையில் ஜன்னல் வெளிச்சம் விழுந்து, மின்விசிறியின் நிழல் அதில் ஆடிக்கொண்டிருந்தபோது, நானும் ஒரு கணம் காலைத் தூக்கி ஸ்டூலின் மேல் வைத்துக்கொண்டேன்.

அப்பா பிளாஸ்கில் காபியோடு வந்தார்.

"யாருண்ணே நீங்க?" என்றாள் அம்மா.

அப்பா என்னைப் பார்த்தார். நாற்பது வருஷத்துக்கு மேல் கூட வாழ்ந்தவர். அண்ணே என்று கூப்பிட்டதும் கையிலிருந்த பிளாஸ்கை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார்.

"ஏய், நான்தான். நல்லாப் பாரு."

"சத்தம் போடாதீங்கண்ணே, மீனு ஓடிரும். ஏறணும்னா அந்தப் பக்கமா வந்து ஏறுங்க."

"இங்க தண்ணியும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல!" அப்பாவின் குரல் உடைந்தது. அம்மா மிரண்டு போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டாள். அப்பா வராந்தாவுக்குப் போய்விட்டார். பின்னால் போய்ப் பார்த்தேன். சுவரைப் பார்த்து நின்று துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். "உங்கம்மாவுக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சா பாப்பா?" என்று கேட்டார்.

ஆராய்ச்சிப் பெண் மறுநாள் வந்ததும் அவளிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். தண்ணீர் இல்லை என்று சொன்னால் அம்மா மிரள்கிறாள், ஆமாம் என்று சொல்லிவிட்டுப் போகட்டுமா என்று கேட்டேன்.

"சண்ட போடவும் வேணாம்க்கா, ஆமான்னு கூடவே போகவும் வேணாம். பயப்படாதீங்க, இது ஆஸ்பத்திரி, நான் உங்க மக, இங்கதான் இருக்கேன்னு மெதுவாச் சொல்லுங்க. திருப்பித் திருப்பிச் சொல்லுங்க. பெரும்பாலும் தெளிஞ்சிருவாங்க."

பக்கத்து வீட்டு அக்கா கோவிலுக்குப் போய் விபூதி வாங்கி வந்து கொடுத்திருந்தாள். அதைப் பூசலாமா என்று அந்தப் பெண்ணிடமே தயங்கிக் கேட்டேன். "தாராளமாப் பூசிவிடுங்க. கண்ணாடியும் போட்டுவிடுங்க" என்றாள்.

பிறகு, கவனம் எவ்வளவு நிற்கிறது என்று பார்க்க, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அம்மா, நான் ஒவ்வொரு எழுத்தாச் சொல்லுவேன். 'ம' வந்தா மட்டும் என் கைய அமுக்குங்க." ஒவ்வொரு எழுத்தையும் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். அம்மா எல்லா எழுத்துக்கும் அமுக்கினாள். அடுத்த நாள் எதற்குமே அமுக்கவில்லை. ஜன்னலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

பேங்கில் லீவு போட்டுவிட்டு நான் பேசிக்கொண்டே இருந்தேன். வாழ்க்கையில் அம்மாவிடம் அவ்வளவு பேசியதில்லை. இன்னிக்கு வெள்ளிக்கிழமைம்மா. இது மதுரை. வெளியில வெயில் அடிக்குது. நீ கீழ விழுந்துட்ட, காலுக்கு ஆபரேஷன் முடிஞ்சது. அப்பாவையும் பேச வைத்தேன். முதலில் கூச்சப்பட்டார். பிறகு செய்தித்தாளை எடுத்துத் தேதியைச் சத்தமாக வாசிக்க ஆரம்பித்தார். தேதிக்குக் கீழே அன்றைய வெயில் அளவு, அதற்குக் கீழே தங்கம் விலை. பக்கத்துப் படுக்கைக்காரர்களும் கேட்டுக்கொண்டு படுத்திருப்பார்கள். மத்தியான வெக்கையில் அந்தக் குரல் நீண்டு போகும். பாதி வார்டு தூங்கிவிடும்.

தண்ணீர் ஒரே நாளில் வடியவில்லை. காலையில் வற்றும், மாலையில் ஏறும். ஒருநாள் காலை அந்தப் பெண் எழுத்துகளைச் சொல்லி வரும்போது 'ம'வுக்கு அம்மாவின் விரல்கள் இறுகின. பிறகு தளர்ந்தன. மறுபடி 'ம'. மறுபடி இறுகின.

"இது எந்த எடம்மா?"

"பெரியாஸ்பத்திரி. இது தெரியாமயா இங்க வேல பாக்குற?"

அப்பா வாய்விட்டுச் சிரித்தார். நான் அழுதேன். பேச்சினால் தெளிந்தாளா, இல்லை தானாகவே தெளிந்தாளா என்று வராந்தாவில் அந்தப் பெண்ணிடம் கேட்டேன். "ஒருத்தரப் பாத்துச் சொல்ல முடியாதுக்கா. அதுக்குத்தான் இம்புட்டுப் பேரப் பாக்குறோம்" என்றாள்.

வீட்டுக்கு வந்து அம்மா வாக்கரைப் பிடித்து நடக்கப் பழகினாள். ஆஸ்பத்திரி நாட்களைப் பற்றிக் கேட்டால், "ஒண்ணும் ஞாபகம் இல்ல" என்பாள். அதற்குமேல் பேசமாட்டாள். நாங்களும் விட்டுவிட்டோம்.

சில மாதங்கள் கழித்து அந்தப் பெண் வீட்டுக்கு வந்தாள். நடை எப்படி, தூக்கம் எப்படி என்று விசாரித்துவிட்டு, "ஆஸ்பத்திரியில அப்ப நடந்தது ஏதாச்சும் ஞாபகம் இருக்காம்மா?" என்றாள்.

அம்மா திருப்பிக் கேட்டாள்: "இதத் தெரிஞ்சு என்ன செய்யப் போறீங்க?"

"உள்ள இருக்கவங்களுக்கு எப்பிடி இருக்குதுன்னு வெளிய நிக்கிற எங்களுக்குத் தெரியாதும்மா. நீங்க சொன்னா, அடுத்து வர்றவங்களப் பாத்துக்க உதவும்."

அம்மா கதவைப் பார்த்தாள். அப்பா முன்னறையில் இருந்தார். எப்படியும் காதில் விழும். இருந்தும் சொன்னாள்.

"மொதல்ல பயந்தான். எல்லாரும் கூடிக் கூடிப் பேசுறாக, என் கால எடுத்துட்டுப் போகப் போறாகன்னு. அப்பறந்தான் தண்ணி வந்துச்சு. வந்ததும் பயம் போயிருச்சு. நான் தாவணி போட்ட வயசுல இருந்தேன். யாருக்கும் சமைக்க வேண்டியதில்ல. இது எங்க, அது எங்கன்னு ஒருத்தரும் கேக்கல. எம்புட்டு நல்லா இருந்துச்சு தெரியுமா?"

நானும் அப்பாவும் இல்லாத ஓர் இடம். அங்கேதான் அம்மாவுக்கு நன்றாக இருந்திருக்கிறது.

முன்னறையிலிருந்து அப்பாவின் குரல் வந்தது. "என்னைய அண்ணேன்னு கூப்ட்டியே, அது ஞாபகம் இருக்கா?"

"இருக்கு. பாத்தா நல்ல மனுசன் மாதிரி தெரிஞ்சுச்சு. அதான் ஏறச் சொன்னேன்."

அந்தப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டாள்: "இவங்க திரும்பத் திரும்பப் பேசுனது கேட்டுச்சாம்மா?"

"கேட்டுச்சு. எரிச்சலாத்தான் வந்துச்சு. வெள்ளிக்கெழம, சனிக்கெழமன்னு. ஆனா அந்தச் சத்தம் வர்ற பக்கந்தான் கரைன்னு தெரிஞ்சுக்கிட்டேன்."

பஸ் நிறுத்தம் வரை அந்தப் பெண்ணோடு நடந்தேன். பெரும்பாலானவர்களுக்குப் பயம்தான் நினைவிருக்கும் என்றாள். ஒரு தாத்தா சுவர் முழுக்க எறும்பு பார்த்தாராம். இன்னமும் சுவர்ப்பக்கம் தலை வைத்துப் படுப்பதில்லையாம். "உங்கம்மா மாதிரி சொல்றவங்க கொஞ்சம் பேருதான்க்கா. அதையும் எழுதத்தான் செய்வோம்." பஸ் வந்ததும், "வாரேன்க்கா" என்று ஏறிப் போனாள்.

திரும்பி வந்தபோது அம்மா கட்டிலில் தூங்கிப்போயிருந்தாள். மத்தியான வெயில் ஜன்னல் கம்பிகளைத் தாண்டி அவள் கால்மாட்டில் கிடந்தது. ஒரு கை கட்டிலுக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. அடுப்படியில் ஏதோ உருளும் சத்தம். எட்டிப் பார்த்தேன். அப்பா சர்க்கரையைத் தேடிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் உதட்டில் விரலை வைத்தார்.

எனக்கும் அது எங்கே இருக்கிறதென்று தெரியாது. நானும் உள்ளே போய், சத்தமில்லாமல் ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து பார்க்க ஆரம்பித்தேன்.