மாசியில் இருந்த ஒரு தகப்பன்

நான் இதுவரை சொன்ன பொய்களுக்குள் ஆகத் திறமானது என்று வெகுகாலம் நம்பியிருந்த பொய்யை ஒன்பது வயதில் சொன்னேன். சொன்ன இடம் அக்காவின் பள்ளிக்கூட மண்டபம். கேட்டவர் அப்பா.

அப்போது நாங்கள் ஆக்லாந்தில், ஹில்ஸ்பரோவில் இருந்தோம். அக்காவுக்குப் பள்ளிக்கூடத்தில் கடைசி வருடம். தெற்கே டனீடனில், மருத்துவத்துக்குப் போகிறவர்கள் முதலில் படிக்கும் படிப்புக்கு அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. விடுதியும் கிடைத்திருந்தது. விடுதிக்காரருக்குத் திங்கட்கிழமைக்குள் சம்மதம் சொல்ல வேண்டும். அப்பா சொன்னதோ ஒரே ஒரு சொல்: “பாப்பம்.” ஆக்லாந்தில் இல்லாத படிப்பா, பிளேன் ஏறிப் போய்ப் படிக்க அங்கே அப்படி என்ன இருக்கிறது என்பது அவருடைய கட்சி. அப்பா “பாப்பம்” என்று சொல்லி நடந்த காரியம் ஒன்றைக்கூட எங்கள் வீடு கண்டதில்லை. நான் கேட்ட நாய்க்குட்டி இரண்டு வருடமாகப் பாப்பத்திலேயே கிடந்தது. அக்கா அந்தக் கிழமை முழுக்க ஒழுங்காகச் சாப்பிடவில்லை.

இந்தக் கவலைக்கு நடுவில்தான் அவளுடைய பள்ளிக்கூடத்தில் பிரியாவிடை வந்தது. அங்கே ஒரு வழக்கம். விட்டுப் போகிற மாணவர்கள் மேடையில் ஏறி, ஆசிரியர்களையும் தங்களையுமே நக்கலடித்து நாடகம் போடுவார்கள். ஆசிரியர்கள் முன்வரிசையில் இருந்து கைதட்டுவார்கள். அந்த நாடகத்தில் அக்காவுக்குக் கிடைத்த வேடம் எங்கள் அப்பா.

அது அவள் கேட்டு வாங்கிய வேடமில்லை. அப்பா அந்தப் பள்ளிக்கூடத்தில் அவ்வளவு பிரசித்தம். பெற்றோர் ஆசிரியர் சந்திப்பு என்றால், விரி என்ற இடத்தில் தான் வேலை செய்த வேர்ஹவுஸில் லீவு போட்டுவிட்டு, சட்டைப் பையில் மூன்று பேனாவும் கையில் பிளாஸ்டிக் ஃபைலுமாகப் போய்விடுவார். அக்காவின் ரிப்போர்ட்டில் எக்ஸலன்ஸ், எக்ஸலன்ஸ் என்று ஆக உயர்ந்த தரமே வரிசையாக இருக்கும். அதெல்லாம் அவருக்குக் காணாது. வகுப்பில் எத்தனையாம் பிள்ளை என்று தெரிய வேண்டும். இங்கே அப்படி நம்பர் போடுவதில்லை என்று ஐந்து வருடமாக ஐந்து பாட ஆசிரியர்களும் அவருக்கு விளங்கப்படுத்தியிருந்தார்கள். நம்பர் போடாமல் ஒரு பள்ளிக்கூடம் நடக்கும் என்பதை அப்பா நம்பத் தயாராக இல்லை. தன்னிடம் ஒளிக்கிறார்கள் என்றே நினைத்தார். இதையெல்லாம் அக்கா தன் சிநேகிதிகளுக்கு நடித்துக் காட்டப்போய், அவர்கள் விழுந்து விழுந்து சிரித்து, கடைசியில் காட்சி மேடைக்கு வந்துவிட்டது.

நாடகம் வெள்ளிக்கிழமை பின்னேரம். அப்பாவுக்கு அன்றைக்கு வேலை. ஆகவே பயமில்லை என்று அக்கா இருந்தாள். வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்த்தால் அப்பா ஷிஃப்ட் மாற்றிக்கொண்டு, டை கட்டி, கண்ணாடிக்கு முன்னால் நின்று தலை இழுக்கிறார். பிள்ளையின் கடைசி விழாவுக்குத் தகப்பன் போகாமல் எப்படி?

அக்கா என்னைக் குளியலறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினாள். முகம் வெளிறிப் போயிருந்தது. “இஞ்ச பார், அப்பா மட்டும் அதைப் பாத்தார் எண்டால் டனீடன் முடிஞ்சுது. ப்ளீஸ். ஸ்கிட் தொடங்கேக்க வயித்துக்குத்து எண்டு சொல்லி அவரை வெளியில கூட்டிக்கொண்டு போ.” சம்பளமாகத் தன் நெயில் பாலிஷ் முழுவதையும் தருவதாகச் சொன்னாள். நான் தலையாட்டினேன். டனீடன் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. நெயில் பாலிஷ் எங்கே இருக்கிறது என்று தெரியும்.

மண்டபத்தில் முதலில் வகுப்பு மாணவர்களுக்குக் கேலிப் பரிசுகள் கொடுத்தார்கள். அதிக நாள் பிந்தி வந்த பையனுக்கு மீன் வடிவச் சாக்லேட் ஒன்றும் அலாரம் மணிக்கூடும். பிறகு ஒரு மாணவன் வயிற்றில் தலையணையைக் கட்டிக்கொண்டு தலைமையாசிரியராக வந்தான். உண்மையான தலைமையாசிரியர் முன்வரிசையில் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார்.

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். “என்னப்பா இது, வாத்திமாரை இப்பிடியும் பகிடி பண்ணுறதோ?”

“இஞ்ச அப்பிடித்தானாம். பேசாமல் இருங்கோ,” என்றாள் அம்மா.

அடுத்தது எங்கள் வீட்டுக் காட்சி என்று எனக்குத் தெரியும். வயிற்றைப் பிடித்துக்கொண்டு முனகினேன். அப்பா எழும்பப் போனார். எல்லாம் சரியாக நடந்திருக்கும், அம்மாவின் கைப்பையில் தைலம் இல்லாதிருந்தால். எங்கள் அம்மாவிடம் கடவுச்சீட்டு இல்லாமல் இருந்தாலும் இருக்கும், தைலம் இல்லாமல் இராது. “நீங்கள் இருங்கோ, நான் பாக்கிறன்,” என்று அப்பாவை இருத்திவிட்டு, அந்த இடத்திலேயே என் சட்டைக்குள் கையை விட்டுத் தேய்க்கத் தொடங்கிவிட்டாள். சுற்றியிருந்த மூன்று வரிசையும் திரும்பி மூக்கைச் சுளித்தது. இன்னொரு தரம் முனகியிருக்கலாம்தான். உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் அந்தக் காட்சியைப் பார்க்க வேண்டும் போல இருந்தது. வயிற்றுக்குத்து சுகமாகிவிட்டது என்று சொல்லிவிட்டேன்.

அக்கா வந்தாள், மையால் வரைந்த மீசையோடு. சட்டைப் பையில் மூன்று பேனா. கையில் ஃபைல். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஆசிரியையாக நடித்த பெண்ணின் மேசைக்கு மேல் குனிந்தாள்.

“எக்ஸலன்ஸ் இஸ் ஓகே, மிஸ். பட் வட் நம்பர்?”

மண்டபம் அதிர்ந்தது. நம்பர் இல்லை என்றாள் ஆசிரியை. அக்கா கதிரையை இன்னும் கிட்ட இழுத்தாள். “ஓகே, ஓகே. டோன்ட் டெல் மீ நம்பர் வன். ஜஸ்ட் டெல் மீ, ஹூ இஸ் நம்பர் டூ?”

அதோடும் விடவில்லை. போகும்போது பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து, மட்டன் ரோல்ஸ், பெண்சாதி செய்தது, என்று ஆசிரியையிடம் நீட்டினாள். முன்வரிசையிலிருந்து உண்மையான கெமிஸ்ட்ரி ஆசிரியை, அவை நல்ல ருசி என்று உரத்துச் சொன்னார். அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்துவிட்டாள்.

அப்பா சிரிக்கவில்லை. மேடையைப் பார்த்தபடி என் பக்கம் சரிந்து, “ஆர் அது, பிள்ளை? ஆரைப் போல அக்கா நடிக்கிறா?” என்று கேட்டார்.

அப்பாவுக்கு நான் எப்போதும் ஆங்கிலத்தில்தான் பதில் சொல்வேன். பொய் சொல்லும்போது மட்டும் தமிழ் வரும். “அது அக்காவின்ர கிளாஸ்ல ஒரு பிள்ளையின்ர அப்பா. மாசியில இருக்கினம்.” நகரத்தின் வடமேற்கு மூலையில் இருக்கிற மாசி எங்கே, அந்தப் பள்ளிக்கூடம் எங்கே! எனக்குத் தெரிந்த ஆகத் தூரமான இடம் அதுதான், வாயில் வந்துவிட்டது.

அப்பா தன் டையைச் சரிசெய்துகொண்டார்.

“தமிழ் ஆக்களோ?”

“ஓம்.”

“அவையும் ரோல்ஸ் கொண்டு போறவையோ?”

“ஓம். எப்பவும்.”

“ம். பாவம் அந்தாள்,” என்றார் அப்பா. நம்பிவிட்டார்! என் கெட்டித்தனத்தை எண்ணி எனக்கே பெருமையாக இருந்தது. காட்சி முடிந்தபோது எல்லோரும் எழும்பிக் கைதட்டினார்கள். அப்பாவும் எழும்பினார். மேடையில் குனிந்து வணங்கி நிமிர்ந்த அக்கா அவரைக் கண்டுவிட்டாள். அப்படியே நின்றுவிட்டாள்.

பிறகு தேநீர். கெமிஸ்ட்ரி ஆசிரியை எங்களைத் தேடி வந்து அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். இப்போது அப்பா நம்பர் கேட்பார் என்று லாமிங்டன் கேக்கைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். கேட்கவில்லை. “அங்க தனிய இருந்து சமாளிப்பாவோ?” என்பதை மட்டும் தன் ஆங்கிலத்தில் மெல்லக் கேட்டார். நன்றாகவே சமாளிப்பாள் என்றார் ஆசிரியை. எனக்குச் சப்பென்று போனது.

வீட்டுக்குத் திரும்பும்போது காருக்குள் அக்கா எனக்குப் பக்கத்தில், அழிபட்ட மீசையோடு, ஃபைலை மடியில் வைத்தபடி இருந்தாள். என் வெற்றியை அவளிடம் சொல்ல எனக்கு இன்னும் வாய்க்கவில்லை. நான்காவது சிக்னலில் அப்பா கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

“பிள்ளை, அந்த மாசித் தகப்பன் இருக்கிறாரெல்லே, அவர் தன்ர மகளை டனீடனுக்கு விடுவாரோ?”

“எந்த மாசித் தகப்பன்?” என்றாள் அக்கா. அவளுடைய காலை மிதித்தேன்.

“விடமாட்டார்,” என்றேன். “அவர் சரியான ஸ்ட்ரிக்ட்.”

சிக்னல் பச்சையானது. அப்பா உடனே காரை எடுக்கவில்லை.

“விடுவார்,” என்றார். “ஒவ்வொரு நாளும் ஃபோன் கோல் எடுக்கச் சொல்லுவார். கொஞ்சம் அழுவார். ஆனா விடுவார்.”

பின்னாலிருந்த கார் ஹோர்ன் அடித்தது. எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அந்த மனிதரை உண்டாக்கியவள் நான். அவர் விடுவாரா, விடமாட்டாரா என்பது எனக்குத் தெரியுமா, அப்பாவுக்குத் தெரியுமா? இதைக் கேட்கலாம் என்று திரும்பினால், அக்கா முன்சீட்டின் முதுகில் நெற்றியை வைத்துத் தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தாள். அம்மாவும் மூக்கைச் சிந்தினாள். மாசியில் யாரோ ஒரு பிள்ளை டனீடனுக்குப் போவதற்கு எங்கள் வீட்டு ஆட்கள் ஏன் இப்படி அழுகிறார்கள் என்று எனக்கு விளங்கவேயில்லை.