நேரம் தப்பி ஊதிய சங்கு

அந்த நகரத்தைப் பற்றி யார் கேட்டாலும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அதன் அமைதிதான். எழுபதுகளின் தொடக்கம்; மேற்கு ஜெர்மனியில் ஓர் ஆற்றங்கரை நகரம். போய் இறங்கிய மறுநாள் காலை கண் விழித்தபோது காதுதான் அடைத்துவிட்டதோ என்று பயந்து, கட்டில் சட்டத்தை விரலால் தட்டிப் பார்த்தேன். சத்தம் கேட்டது. ஜன்னலுக்கு வெளியே டிராம் போனது, ஆட்கள் போனார்கள். ஒரு ஹாரன் இல்லை, ஒரு கூப்பாடு இல்லை. பக்கத்துக் கட்டிலில் என் அக்காவின் புருஷன், நான் மாமா என்று கூப்பிடுகிறவர், போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். “இன்னாடா ஊரு இது? அல்லாரும் பரிட்சை எழுதுற மாதிரி கீறாங்க” என்றார்.

மண்ணூர்பேட்டையில் எங்கள் வீடும் அக்கா வீடும் அடுத்தடுத்த தெரு. மாமாவும் நானும் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரே கம்பெனி. அந்த ஜெர்மன் ஊரிலிருந்து எங்கள் முதலாளி ஒரு கிரைண்டிங் மெஷின் வாங்கியிருந்தார். அதை ஓட்டப் பழகிவர நல்ல கைகாரர் என்று மாமாவை அனுப்பினார்கள். அவருக்கு இங்கிலீஷ் படிக்க வராது என்பதால் குறிப்பெடுக்க என்னையும் ஒட்டவைத்தார்கள். மூன்று மாதப் பயணம். எனக்கு இருபத்து மூன்று வயது, ஐ.டி.ஐ. படித்தவன் என்ற மிதப்பு கொஞ்சம் அதிகமாகவே உண்டு. மீனம்பாக்கத்தில் அக்கா என்னைத் தனியே இழுத்துப் போனாள். இடுப்பில் ஒரு குழந்தை, கையில் ஒரு குழந்தை. “அவுருக்கு கொரட்டூரு தாண்டுனா வழி தெரியாதுடா. உன்ன நம்பித்தான் அனுப்புறேன். எப்டி இட்டுகினு போறியோ அப்டியே இட்டுகினு வா” என்றாள். நான் பெரிய மனுஷன் மாதிரி தலையாட்டினேன்.

தலையாட்டிவிட்டேனே தவிர, இறங்கிய நாளிலிருந்தே எனக்கு உதறல்தான். என் இங்கிலீஷ் அங்கே செல்லாக் காசு. கடைக்காரர், கண்டக்டர் யாருக்கும் அது தெரியாது. தெருக்கள் எல்லாம் ஒரே சாம்பல் நிற வீடுகள். இந்த மூலையில் சிவப்புப் பெட்டி, அந்த மூலையில் மொட்டை மரம் என்று நான் அடையாளம் வைத்துக்கொண்டால், ராத்திரி பனி கொட்டி எல்லாவற்றையும் வெள்ளையடித்துவிடும். விடுதியின் விலாசத்தை ஒரு சீட்டில் எழுதி மாமாவின் கோட்டுப் பையில் போட்டேன். டிராமில் அவர் கைப்பிடியைப் பிடிப்பார், நான் அவர் கோட்டைப் பிடிப்பேன். கழிவறைக்குப் போனால்கூட வாசலில் நின்றேன். மாமா ஒன்றும் சொல்லமாட்டார். “உடுடா, நான் இன்னா கைக்கொழந்தையா?” என்று ஒரே ஒருமுறை சிரித்தார். என் தொல்லையை அவர் எப்படிப் பொறுத்தார் என்று இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

நான்காவது வாரம் அவருக்குக் காய்ச்சல் கண்டது. மாத்திரை கொடுத்து, ரொட்டியைப் பக்கத்தில் வைத்து, அறையை விட்டு வெளியே வரக்கூடாது என்று பத்து தடவை சொல்லிவிட்டு நான் மட்டும் தொழிற்சாலைக்குப் போனேன்.

எஸ்டேட்டில் சங்கு எங்களுக்கு என்னவாக இருந்தது என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். இப்போது அந்தப் பக்கம் போனால் கண்ணாடிக் கட்டடங்கள்தான். இளைஞர்கள் கழுத்தில் அட்டையோடு போகிறார்கள், சங்கு என்றால் அவர்களுக்குத் தெரியாது. அன்றைக்கு ஷிஃப்ட் தொடங்க, சாப்பிட, முடிய என்று கம்பெனிக்குக் கம்பெனி சங்கு ஊதும். எங்கள் பெண்கள் சத்தத்தை வைத்தே எந்தக் கம்பெனி என்று சொல்லிவிடுவார்கள். ஆனால் நேரம் தப்பி ஒரு சங்கு ஊதினால் தெருவே எழுந்துவிடும். உள்ளே யாருக்கோ அடிபட்டிருக்கிறது, பெரும்பாலும் மெஷினில் விரல் போயிருக்கிறது என்று அர்த்தம். ஒருமுறை அப்படி ஊதியபோது அக்கா உலையை அடுப்பிலேயே விட்டுவிட்டுச் செருப்பில்லாமல் கேட்டுக்கு ஓடினாள். அன்று வேறொருத்தியின் புருஷனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

அந்த ஜெர்மன் நகரத்தில், மாமா காய்ச்சலில் படுத்திருந்த நாளில், காலை பத்து மணிக்குச் சங்கு ஊதியது. ஏறி இறங்கி ஒரு நிமிடத்துக்கு மேல் ஊதியது. நான் மெஷினை விட்டுத் துள்ளி நின்றுவிட்டேன். மற்றவர்கள் தலை நிமிரவில்லை. பக்கத்தில் நின்ற பொறியாளர் என் முகத்தைப் பார்த்துச் சிரித்து, போர்க்காலத்துச் சங்கு, வேலை செய்கிறதா என்று எப்போதாவது ஊதிப் பார்ப்பார்கள் என்று அரைகுறை இங்கிலீஷில் சொன்னார். நானும் சிரித்துவிட்டு வேலையைப் பார்த்தேன். மாமாவின் காதிலும் அது விழுந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

நாலு மணிக்குத் திரும்பினேன். அறைக் கதவு திறந்து கிடந்தது, கட்டில் காலி. கோட்டு ஆணியில் தொங்கியது, விலாசச் சீட்டு அதன் பையிலேயே இருந்தது. பாஸ்போர்ட் பெட்டியில், ஷூ கட்டிலுக்கடியில். ரப்பர் செருப்பை மட்டும் காணோம். வெளியே பனி, வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. அக்காவின் முகம் கண் முன்னால் வந்து நின்றது. விடுதிக்கார அம்மாளிடம் ஓடினேன். அவர் மேலே கையை வட்டமாகச் சுழற்றிச் சங்கு மாதிரி ஊதிக் காட்டினார். பிறகு இரண்டு விரல்களை மேஜைமேல் ஓடவிட்டுக் காட்டினார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நான் உள்ளே இருக்கிறேன், சங்கு ஊதிவிட்டது, மாமா ஓடியிருக்கிறார். தொழிற்சாலைக்கு அவருக்கு வழி தெரியாது. சத்தம் வந்த பக்கம் ஓடியிருக்கிறார்.

சங்கு எங்கே இருக்கிறது என்று கேட்டேன், கையால்தான். அம்மாள் ஜன்னல் வழியே தூரத்தில் ஒரு கோபுரத்தைக் காட்டினார். வழுக்கி விழுந்து எழுந்து ஓடினேன். அது தீயணைப்பு நிலையம். இரண்டு தெருவுக்கு முன்பே நான் அவரைத் திட்ட ஆரம்பித்துவிட்டேன். செத்துக் கித்துப் போயிருந்தால் என்ன செய்வேன் என்ற பயத்தில் வந்த திட்டு.

உள்ளே பெஞ்சில் மாமா உட்கார்ந்திருந்தார். மேலே கம்பளி, காலுக்கு யாரோ கொடுத்த பெரிய பூட்ஸ், எதிரில் ஆறிப்போன காபி. காலையிலிருந்து இந்த ஆள் நகரமாட்டேன் என்கிறார், ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார் என்று அங்கிருந்தவர் சைகையில் சொன்னார். அந்த வார்த்தை என் பெயர்.

என்னைப் பார்த்ததும் கம்பளி நழுவ எழுந்து வந்தார். என் இடது கையைப் பிடித்து, கையுறையை உருவி எறிந்துவிட்டு, விரல் விரலாகத் தொட்டு எண்ணினார். “ஒண்ணு... ரெண்டு...” காய்ச்சல் அவர் கையில் கொதித்தது. “உங்கக்கா மீனம்பாக்கத்துல என்னத் தனியா கூப்ட்டு, ‘அவன் சின்னப் புள்ள, நீதான் பாத்துக்கணும்’னு சொல்லி அனுப்சாடா. உனுக்கு ஒண்ணு ஆயிருந்தா நான் எந்த மூஞ்ச வெச்சிகினு போய் நிப்பேன்?” என்றார். அழுதார்.

ஐந்து வரை எண்ணி முடித்திருந்தார். நான் மற்ற உறையையும் கழற்றி வலது கையை நீட்டினேன்.