கோப்பையில் வராத குமிழி

தொழில் வட்டாரத்தில் அவளுக்குப் பெயர் குமிழியம்மா. எரிவாயு அடுப்பு உள்ள எந்தத் தொழிற்கூடத்துக்குப் போனாலும் முதலில் ஒரு கோப்பைத் தண்ணீர் கேட்பாள். குடிப்பதற்கு அல்ல, ரப்பர் குழாயை அதில் முக்கிவிட்டுக் கண்கொட்டாமல் பார்த்திருப்பதற்கு. தீ அணைந்தால் எரிவாயுவைத் தானாக அடைக்க வேண்டிய பாதுகாப்பு வால்வு ஒழுங்காக மூடுகிறதா என்று பார்ப்பது அவள் வேலை. மூடியபிறகும் கசிந்தால் தண்ணீரில் குமிழி வரும்.

நாள் முழுக்க அலைந்துவிட்டு அன்று மாலை ரொட்டித் தொழிற்சாலைக்குள் நுழையும்போதே அவளுக்குக் கால் இரண்டும் கழன்று விழுந்துவிடும்போல் இருந்தது.

"வாங்க குமிழியம்மா," என்றார் மேற்பார்வையாளர். "சீக்கிரம் பாருங்க. அடுப்பு ஆறிப்போச்சுன்னா பிசைஞ்ச மாவை உங்க தலையிலதான் கொட்டணும்."

"கொட்டுங்க. மெத்துன்னு இருக்கும், அது மேலயே படுத்துத் தூங்கிடறேன்."

அடுப்புக்காரர் சிரித்தார். அவர் அவளுடைய அக்கா வீட்டுக்காரர். பழைய வேலை போய் மாதக்கணக்கில் வீட்டில் முடங்கிக் கிடந்தவர், இப்போதுதான் இங்கே சேர்ந்திருந்தார். அடுப்பு நின்றால் முதலில் வீட்டுக்கு அனுப்பப்படுவது புதிதாக வந்தவர்தான். அது இருவருக்கும் தெரியும்.

அடுப்பை அணைத்தார்கள். பர்னர் பக்கத்துத் திருகை மூடிவிட்டு, அதற்கும் வால்வுக்கும் நடுவிலிருந்த முனையில் ரப்பர் குழாயைச் செருகினாள். மறுமுனை கோப்பைக்குள் போனது. நாலைந்து குமிழி வந்து நின்றது. உள்ளே தங்கிய வாயு, எப்போதும் வருவதுதான். அதன்பிறகு தண்ணீர் அசையவே இல்லை. அவளுக்கும் கண் சொருகியது.

"அப்பாடா!" என்றார் மேற்பார்வையாளர்.

குழாயைச் சுருட்டப் போனவள் தற்செயலாக மேலே பார்த்தாள். வால்வுக்கு முன்னாலிருந்த அழுத்தமானியின் முள் சுழியில் படுத்துக் கிடந்தது.

"அத்தான், மேல கேஸ் வர்ற பெரிய வால்வை மூடினீங்களா?"

"பின்ன? நீ கேஸ்ல கை வைக்கிறே, திறந்து போட்டுட்டு வேடிக்கை பார்ப்பேனா? உனக்கு ஒண்ணுன்னா உங்க அக்காவுக்கு யார் பதில் சொல்றது?"

அக்கறைதான். ஆனால் காலித் தொட்டியைப் பார்த்துக் குழாய் ஒழுகவில்லை என்று சொன்ன கதையாகிவிட்டது.

"அதைத் திறங்க அத்தான். மறுபடி பார்க்கணும்."

"அதான் பார்த்தாச்சே..." அவர் கை நகரவில்லை.

அப்படியே விட்டுவிட்டுப் போய்ப் படுத்தால் என்ன என்று அவளுக்கும் ஒரு கணம் தோன்றியது.

"காலையில இதைப் பத்த வைக்கப்போறது யாரு அத்தான்?"

அவர் ஏறித் திறந்தார். குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாக, நிற்காமல் வந்தன.

"கேஸுக்குன்னு வாங்கின வால்வா இது?" என்று கேட்டாள்.

மேற்பார்வையாளர் தலையைச் சொறிந்தார். "முன்னாடி எண்ணெய் அடுப்பு இருந்துச்சில்ல, அதுக்கு வாங்கி வச்சது. புத்தம் புதுசா கிடந்துச்சு. குழாய்க்குக் கச்சிதமாப் பொருந்திச்சும்மா."

"பொருந்தினா போதுமா? எண்ணெய் நுழையாத சந்துல கேஸ் நுழைஞ்சிடும். ராத்திரி பூரா அடுப்புக்குள்ள சேரும். காலையில தீ வச்சா அவர் முகத்துலதான் வெடிக்கும்."

பெரிய வால்வை மூடி, அடுப்பைப் பற்றவைக்கக் கூடாது என்ற சிவப்பு அட்டையைக் கட்டினாள். மேற்பார்வையாளர் அடுப்புக்காரரைப் பார்க்காமலே சொன்னார்: "சரியான வால்வு வர நாளாகும். அதுவரைக்கும் வீட்ல இருங்க. சொல்லி அனுப்பறேன்."

வாசலில் அத்தான் போனை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பச் சட்டைப்பையில் போட்டார். அவளே அக்காவுக்குப் போன் செய்தாள்.

"அக்கா, அத்தான் இப்பவே வந்துடுவார். அடுப்பை நான்தான் நிறுத்தினேன்."

மறுமுனையில் பாத்திரச் சத்தம் நின்றது. "நிறுத்தியே ஆகணுமா?"

"ஆமாக்கா."

"அவர் மூஞ்சி எப்படி இருக்கு?"

"தொங்கிப்போய்தான் இருக்கு."

"அப்ப நீயும் கூட வா. அந்த மூஞ்சியை நான் ஒருத்தியே எத்தனை நாளைக்குப் பார்த்துக்கிட்டு இருக்கறது?"

குமிழியம்மாவின் வீட்டுப்பக்கம் போகும் பேருந்து வந்து நின்றது. அதில் ஏறாமல், அத்தானோடு சாலையைக் கடந்தாள்.