பாலாறு-4

போன வாரம் நடந்தவை:
1. பழைய பெட்டியை ஒழித்தேன்.
2. என் கையெழுத்தில் ‘பாலாறு-4’ என்று எழுதிய கேசட் ஒன்று கிடைத்தது.
3. டேப்ரிக்கார்டரில் போட்டேன். கீச்சென்று இரைந்தது.
4. வீட்டில் எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டார்கள். எனக்கு மட்டும் நாலாம் வகுப்பு கேட்டது.

அது பாட்டு கேசட் இல்லை. எண்பதுகளின் கடைசியில் கம்ப்யூட்டருக்கான புரோகிராமைக் கேசட்டில்தான் பதிந்து வைப்போம். டிப்ளமா முடித்த சூட்டோடு ஆம்பூர்ப் பள்ளி ஒன்றில் கம்ப்யூட்டர் டீச்சராகச் சேர்ந்திருந்தேன். ஜன்னலைத் திறந்தால் தோல் பதனிடும் ஷாப்பு வாடை வரும். மூடினால் வேர்த்துக் கொட்டும். திறந்தே வைப்பேன்.

நாலாம் வகுப்பின் ‘நம் மாவட்டம்’ பாடத்தை விளையாட்டாக்கினேன். தோல் ஏற்றிய வண்டி பாலாற்றின் அக்கரையிலிருந்து ஆம்பூர் ஸ்டேஷனுக்கு வர வேண்டும். திரையாக வைத்திருந்த டிவியில் தமிழ் வராது. கேள்விகளை அட்டையில் எழுதினேன். பிள்ளைகள் எண்ணை அழுத்துவார்கள். சரியென்றால் வண்டி நகரும், தப்பென்றால் ‘பீப்’.

கல்வி அதிகாரி பார்த்துச் சம்மதித்தால்தான் மிஷின் நாலாம் வகுப்பில் இருக்கும், இல்லாவிட்டால் பத்தாம் வகுப்புக்குப் போய்விடும் என்று சொல்லியிருந்தார் தலைமையாசிரியர். அதிகாரி வந்தார். முதல் கேள்வி முடிந்ததும் கரண்ட் போய்விட்டது.

“கரண்ட் இல்லன்னா வெறும் டப்பாதானேம்மா” என்றார் தலைமையாசிரியர். பதற்றத்தில் நான் பிளக்கைப் பிடுங்கிப் பிடுங்கிச் சொருகினேன், என்னமோ பிளக்கில்தான் கோளாறு என்பதுபோல.

அக்கரையிலிருந்து வரும் நசீமா எழுந்து டிவிக்கு முன்னால் போய் நின்றாள்.

“இனிமே நான்தான் சார் மிஷினு. நம்பரச் சொல்லுங்க.”

அதிகாரி சிரித்துக்கொண்டே அட்டையைப் படித்தார். ஆற்றை எப்படிக் கடப்பாய்? ஒன்று, படகு. இரண்டு, பாலம். மூன்று, ஆற்றில் இறங்கி.

“ஒண்ணு” என்றார்.

“பீப்.” வகுப்பே சிரித்தது.

“சரி, ரெண்டு.”

என் புரோகிராமில் அதுதான் சரியான விடை. நசீமா கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

“பீப். பாலம் ரொம்ப சுத்து சார். ஆத்துல இன்னா இருக்குது, மணலுதான். வண்டியே எறங்கிப் போவும்.”

“மழை பேஞ்சா?”

“ஜாஸ்தின்னா ரெண்டு. கம்மின்னா மூணு.”

அதிகாரி என்னைப் பார்த்தார். “உன் மிஷின் இப்படிச் சொல்லுமாம்மா?”

“இன்னிக்குச் சொல்லாது சார். நாளைக்குச் சொல்லும்.”

மிஷின் நாலாம் வகுப்பிலேயே தங்கியது. மறுநாள் வகுப்பு தொடங்குமுன் விடையை மூன்றாக மாற்றி, மழைக்கும் ஒரு கேள்வி சேர்த்தேன். மூன்று முறை எழுதித் திருத்தியும் எனக்குத் தோன்றாத கேள்வி அது. அந்த நாலாவது திருத்தம்தான் இந்தக் கேசட். பிறகு எத்தனையோ புரோகிராம் எழுதிவிட்டேன். பெருமையாகச் சொல்லிக்கொள்ள இதைத்தான் முதலில் எடுப்பேன்.

அந்த மிஷின் பழைய சாமானோடு போய்விட்டது. கேசட்டைப் படிக்க என்னிடம் எதுவும் இல்லை. நசீமா மணலில் நடந்து வந்த இடத்திலேயே பாலம் கட்டிவிட்டார்கள். மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் இப்போது விடை இரண்டு.

மழை இல்லாவிட்டால், கேசட்டில் இன்னும் மூன்றுதான்.